ஏழு, எட்டாம் வகுப்புக்கு மன அழுத்தம், நடத்தைத் திட்டம்: பாடத்தில் தொடங்குவதா, வகுப்பறையில் தொடங்குவதா?

#1 தாழ்வாரம்

ஜூனில் பள்ளி திறந்ததும் 7, 8-ஆம் வகுப்புகளுக்கு ஒரு திட்டம் தொடங்க வேண்டும். 4 பிரிவுகள், பிரிவுக்கு 38 முதல் 42 பிள்ளைகள், மொத்தம் 160 பேர். தனியாகக் கவுன்சிலர் கிடையாது. இப்போது பேச்சில் இருப்பது, வாரம் ஒரு பீரியட் வீதம் 12 வாரத்துக்கு ஒரு பாடத்தொகுப்பு. உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது, மூச்சுப் பயிற்சி, கோபம் வந்தால் என்ன செய்வது, கூட்டாளிகள் கட்டாயப்படுத்தினால் எப்படி மறுப்பது, இப்படி. வகுப்பாசிரியர்களே எடுப்பார்கள். அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி.

மூன்று விஷயம் தெளிய வேண்டும். பாடம் எடுத்தால் நடத்தை மாறுமா? ஒவ்வொரு பிரிவிலும் வகுப்பையே நடத்தவிடாத நாலைந்து பேரை என்ன செய்வது? பலன் இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது? செய்முறையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 எண்கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் பதில். பாடத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

இந்த வயதில் நடந்த மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று பிரிட்டனின் ‘மிரியட்’. 84 பள்ளிகள், 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள், தொடங்கும்போது வயது 11 முதல் 13. பாதிப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கவனப் பயிற்சி (‘மைண்ட்ஃபுல்னெஸ்’, மூச்சையும் அந்த நேரத்து எண்ணத்தையும் கவனித்துப் பழகுவது) வகுப்பு எடுத்தார்கள். மீதிப் பள்ளிகளில் வழக்கமான சமூக, உணர்வுப் பாடம். 2022-இல் முடிவு வந்தபோது பிள்ளைகளின் மனச்சோர்விலோ நடத்தையிலோ வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே மனச்சுமை கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு ஒத்துவரவில்லை என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சியைச் செய்யவே இல்லை. மாற்றம் தெரிந்தது ஆசிரியர்களிடம்தான். அவர்களுடைய சோர்வு குறைந்தது.

ஆஸ்திரேலியாவில் 8, 9-ஆம் வகுப்பில் 1,000-க்கும் மேற்பட்டோருக்கு உணர்ச்சிகளைக் கையாளும் பாடம் 8 அமர்வு எடுத்துப் பார்த்தார்கள். 2023-இல் வெளியான முடிவில், வகுப்பு முடிந்த உடனே மனச்சோர்வும் பதற்றமும் ஒப்பீட்டுக் குழுவைவிடச் சற்றுக் கூடியிருந்தன, பெற்றோரோடான உறவும் கொஞ்சம் கெட்டிருந்தது. வீட்டில் தொடர்ந்து பழகிய பிள்ளைகள் மட்டும் மேலாக இருந்தார்கள்.

நம் பக்கத்து நிலைமைக்கு நெருங்கியது பீகார், நாலந்தா மாவட்டத்தில் நடந்த ‘சேஹர்’ என்ற பள்ளி நலத் திட்டத்தின் சோதனை. 74 அரசு உயர்நிலைப் பள்ளிகள், 9-ஆம் வகுப்பு. ஒரு பகுதிப் பள்ளிகளில் இதற்கென்றே அமர்த்திய, மனநலப் பட்டம் இல்லாத கவுன்சிலர் திட்டத்தை நடத்தினார். இன்னொரு பகுதியில் அதே திட்டத்தை ஆசிரியர் நடத்தினார். மூன்றாவதில் வழக்கமான வாழ்க்கைத் திறன் பாடம் மட்டும். 2018-இல் வந்த முடிவு: கவுன்சிலர் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் நன்றாக உயர்ந்தது, வம்பிழுப்பதும் வன்முறையும் மனச்சோர்வும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகள், பாடம் மட்டும் நடந்த பள்ளிகளைவிட மேம்படவில்லை.

#3 எட்டாம்_அ

> ஆசிரியர் நடத்திய பள்ளிகள் மேம்படவில்லை

சார், இதைப் படித்தால் ஆசிரியர் இதில் தலையிடவே வேண்டாம் என்று ஆகிவிடும். ஆனால் கவுன்சிலர் இல்லாத பள்ளிதான் அதிகம். ஆசிரியரால் முடியாதா, அல்லது ஆசிரியருக்குக் கொடுத்த வேலை தவறா?

#4 எண்கணக்கு

கொடுத்த வேலைதான் தவறு என்பது என் கருத்து. சேஹரில் கவுன்சிலருக்கு அந்த ஒரு வேலைதான். ஆசிரியருக்கு அது பாடத்தோடும் பதிவேட்டோடும் சேர்ந்த இன்னொரு சுமை. அதோடு, மதிப்பெண் போடுபவரிடமே வீட்டுப் பிரச்சினையை எந்தப் பிள்ளை சொல்லும்?

ஆனால் ஆசிரியரால் மட்டுமே முடிகிற ஒன்று உண்டு. வகுப்பு தொடங்கும் விதம், குரல், தண்டனை, பேப்பர் திருப்பிக் கொடுக்கும் முறை. பிள்ளையின் ஒரு நாள் அழுத்தத்தில் பெரும்பங்கு அங்கேதான் கூடுகிறது, குறைகிறது. அங்கே ஆசிரியரை வைத்துத் தொடங்குங்கள். வேம்படி டீச்சர் இதைப் பற்றி விவரமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

#5 வேம்படி

எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதல் வேலை வாசல். பீரியட் மாறும்போது ஆசிரியர் கதவருகே நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும். 40 பேருக்கு இரண்டு நிமிடம் போதும். நேற்றுத் திட்டு வாங்கிய பிள்ளைக்கு அங்கேயே மெதுவாக ஒரு வார்த்தை: “இன்னிக்கு முதல்ல மூணாவது கணக்குலேர்ந்து ஆரம்பி, நான் வந்து பார்க்கிறேன்.” உள்ளே பலகையில் ஐந்து நிமிட வேலை தயாராக எழுதியிருக்க வேண்டும். அது இல்லாமல் வாசலில் நின்றால் உள்ளே கலவரம்தான். அமெரிக்க நடுநிலைப் பள்ளி வகுப்பறைகள் பத்தில் இதை அளந்து பார்த்தார்கள். பாடத்தில் ஈடுபடும் நேரம் 20 சதவீதப் புள்ளி கூடியது, இடையூறு 9 புள்ளி குறைந்தது. செலவே இல்லாத வேலை இது. ஆனாலும் இரண்டாம் வாரத்திலேயே இதை விட்டுவிடுகிறார்கள். காரணம், முந்தைய பீரியட் ஆசிரியர் மணி அடித்தும் வெளியே வருவதில்லை. ஹெச்.எம். அதைச் சரிசெய்யாமல் மற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவது, விதி. மூன்று போதும், நான்குக்கு மேல் வேண்டாம். ‘ஒழுக்கமாக இரு’ விதி ஆகாது, கண்ணால் பார்த்து ஆமாம், இல்லை என்று சொல்ல முடியாதே. ‘இன்னொருவர் பேசும்போது நாம் பேசுவதில்லை’, ‘கை, கால், பொருள் நம்மிடமே இருக்கும்’, ‘சொன்ன வேலையை ஒரு நிமிடத்துக்குள் தொடங்குவோம்’. முதல் இரண்டு வாரம் தினமும் பத்து நிமிடம் இவற்றைப் பாடம் போலவே நடத்துங்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். தவறான முறையைச் செய்துகாட்டும் வேலையை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அதை ஆசிரியரே செய்யட்டும்.

மூன்றாவது, அணி ஆட்டம். 1969-இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 24 பிள்ளைகள் கொண்ட நான்காம் வகுப்பில் முதலில் செய்தது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். விதி மீறினால் அந்த அணிக்குப் பலகையில் ஒரு கோடு. ஐந்து கோட்டுக்குள் இருந்தால் இரண்டு அணியுமே ஜெயிக்கலாம். அந்த இடம்தான் முக்கியம்: ஒரு அணி ஜெயிக்க இன்னொன்று தோற்க வேண்டியதில்லை. பரிசு, சாப்பாட்டுக்கு முதலில் போவது, கடைசியில் கொஞ்சம் சுதந்திர நேரம். காசு செலவில்லை.

40 பேருக்கு 5 அணி, அணிக்கு 8 பேர். முதல் வாரம் நாளுக்கு 10 நிமிடம், வாரத்தில் மூன்று நாள், அதுவும் பிள்ளைகளுக்குத் தெரிந்த வேலை செய்யும் நேரத்தில் மட்டும். புதுப் பாடம் நடத்தும்போது ஆட வேண்டாம். வரம்பு 10 நிமிடத்துக்கு 4 கோடு. முதல் மூன்று ஆட்டத்திலும் எல்லா அணியும் ஜெயிக்கும்படி நேரத்தைக் குறைத்தே வையுங்கள். பிறகு 20, பிறகு 30 நிமிடம். கடைசியில், எப்போது ஆட்டம் என்று சொல்லாமலே நடத்தி, முடிந்தபின் அறிவியுங்கள்.

கோடு போடும்போது பெயர் சொல்லக்கூடாது. “முல்லை அணி, ஒன்று. சொன்ன வேலையைத் தொடங்கவில்லை.” அவ்வளவுதான். குரல் உயரக்கூடாது, முறைக்கக்கூடாது, பிரசங்கம் கூடாது. கோட்டோடு திட்டும் சேர்ந்தால் ஆட்டம் செத்துவிடும்.

#6 எட்டாம்_அ

டீச்சர், இரண்டு சந்தேகம். அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ குழுக்கள் இருக்கின்றனவே, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. அதையே அணியாக வைத்துக்கொள்ளலாமா? இன்னொன்று, 13 வயதுப் பையன் வேண்டுமென்றே கோடு வாங்கித் தன் அணியைத் தோற்கடிப்பான். அதில் அவனுக்கு மவுசு கூடும்.

#7 வேம்படி

குழுப் பெயரை எடுத்துக்கொள்ளலாம், குழுவை எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் குழுக்கள் பள்ளி முழுவதற்கும் ஆண்டு முழுவதற்கும் ஆனவை. ஆட்ட அணியை 3 வாரத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ‘அந்த அணி எப்பவும் அப்படித்தான்’ என்று பெயர் ஒட்டிக்கொள்ளும். ஆட்டத்தின் கோட்டைக் குழுப் புள்ளியோடு எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீர்கள்.

வேண்டுமென்றே தோற்கடிக்கும் பிள்ளை இருப்பான். 1969 வகுப்பிலேயே இரண்டு பேர் அப்படி ஆட மறுத்தார்கள், அவர்கள் வாங்கும் கோட்டை அணிக்கு எண்ணாமல் விட்டார்கள். ஒரே பிள்ளையால் இரண்டு நாள் தொடர்ந்து அணி தோற்றால் அவனைத் தனி அணியாக்குங்கள், வரம்பும் பரிசும் அதேதான். வகுப்பின் முன் அறிவிக்காமல் முதல் நாள் மாலையே அவனிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும். பரிசைத் தீர்மானிக்கும் பட்டியல் எழுதும் வேலையையும் அவனிடமே கொடுங்கள். அதில் அவனுக்குக் கிடைக்கும் மதிப்பு, கோடு வாங்கிக் கிடைத்த மவுசைவிடப் பெரிதாக இருக்கும்.

தோற்ற அணிப் பிள்ளைகள் இடைவேளையில் அவனை அடிக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். அப்படி ஒரு முறை நடந்தாலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அணி அளவையும் வரம்பையும் மாற்றிப் பிறகு தொடங்குங்கள்.

இந்த வயதில் பாராட்டும் சிக்கல்தான். சின்ன வகுப்பில் சத்தமாகச் சொன்னால் மலர்வார்கள். எட்டாம் வகுப்பில் ‘பார், எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறான்’ என்று நோட்டைத் தூக்கிக் காட்டினால் மறுநாள் அவன் எழுதமாட்டான். நோட்டின் ஓரத்தில் ஒரு வரி, மேசையருகே மெதுவாக ஒரு சொல். அணியைப் பாராட்டுவதாக இருந்தால் சத்தமாகச் சொல்லலாம்.

#8 ஆலோசகர்மேசை

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன், அந்த நாலைந்து பேர்.

இவ்வகைத் திட்டங்களில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. வகுப்பறை நன்றாக நடந்தால் 100-க்கு 80 பேருக்கு அதுவே போதும், 15 பேருக்குக் கூடுதல் கவனிப்பு, 5 பேருக்குத் தனி உதவி. 160 பேரில் 24-ம் 8-ம் வருகிறது. எண் அப்படியே பொருந்தாது. ஆனால் கூடுதல் உதவி தேவைப்படுபவர்கள் 60 பேர் என்று பட்டியல் வந்தால், கோளாறு வகுப்பறையில் என்று அர்த்தம். பட்டியலைக் கிழித்துவிட்டு வேம்படி டீச்சர் எழுதியதற்கே திரும்புங்கள்.

அந்த 24 பேருக்கு நான் சொல்வது காலை, மாலை அட்டை. ஓரிகன் மாநிலத்து நடுநிலைப் பள்ளியில் உருவாகி எல்லா இடத்துக்கும் பரவிய முறை. அரைத்தாள் அளவு அட்டை. மேலிருந்து கீழாக 8 பீரியட், குறுக்கே வகுப்பின் அதே மூன்று விதி. ஒவ்வொரு கட்டத்திலும் 2, 1, 0. மொத்தம் 48. காலை பிரேயருக்கு முன் பிள்ளை பொறுப்பாசிரியரைப் பார்த்து அட்டையை வாங்குகிறது, மூன்று நிமிடம். சாப்பிட்டாயா, நோட்டு, பேனா இருக்கிறதா, இன்று எத்தனை இலக்கு. ஒவ்வொரு பீரியட் முடிவிலும் அந்த ஆசிரியர் எண்ணை வட்டமிட்டு ஒரு வாக்கியம் சொல்கிறார். மாலையில் கூட்டிப் பார்க்கிறார்கள். வீட்டில் ஒரு கையெழுத்து.

இலக்கு 80 சதவீதம் என்று எல்லோரும் எழுதுவார்கள், அதாவது 39. முதல் நாளே 39 வைத்தால் பாதிப் பேர் மூன்றாம் நாள் அட்டையைத் தொலைப்பார்கள். முதல் வாரம் இலக்கே வைக்காமல் எண்ணை மட்டும் எடுங்கள். சராசரி 24 வந்தால் அடுத்த வார இலக்கு 28. நான்கு நாள் எட்டினால் 32. இப்படி ஏற்றுங்கள்.

எங்கே கெடும் என்றால், முதலில் பொறுப்பாசிரியர். பாடம் எடுக்கும் ஒருவரால் 6 பேரைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். 24 பேருக்கு நான்கு பேர் வேண்டும். சத்துணவு அமைப்பாளரோ நூலகப் பொறுப்பாளரோகூட இருக்கலாம், பிள்ளை விரும்பும் ஆளாக இருந்தால் போதும். அடுத்தது, ஆசிரியர்கள் அட்டையைக் குற்றப்பத்திரிகை ஆக்குவது. ‘மூன்றாம் பீரியட் அட்டகாசம்’ என்று சிவப்பு மையில் எழுதினால் வீட்டில் அடி விழும், அடுத்த நாள் அட்டை வராது. அட்டையில் எண் மட்டும், வார்த்தை கூடாது. வீட்டில் அடி விழும் என்று தெரிந்தால் கையெழுத்தே வேண்டாம். வாங்கிய புள்ளியைத் திரும்பப் பிடுங்குவதும் கூடாது.

ஆறு வாரத்தில் நிலைத்தால் பிள்ளையே தனக்கு எண் போடட்டும், ஆசிரியரும் போடட்டும், இரண்டும் ஒத்தால் ஒரு புள்ளி கூடுதல். அதன்பின் வாரம் இரண்டு நாள் அட்டை, பிறகு இல்லை. திடீரென்று நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

#9 தாழ்வாரம்

மிகவும் நன்றி. அட்டை எல்லாருக்கும் வேலை செய்யுமா? சில பிள்ளைகள் கவனத்துக்காகச் செய்வதில்லை, வகுப்பிலிருந்து வெளியே போவதற்காகவே செய்கிறார்கள்.

#10 ஆலோசகர்மேசை

சரியாகப் பிடித்தீர்கள். அட்டை, பெரியவர்களின் கவனம் வேண்டும் பிள்ளைக்கு நன்றாகப் பயன்படும். வேலையிலிருந்து தப்பிக்கச் செய்யும் பிள்ளைக்கு அது மட்டும் போதாது.

எது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள்: சம்பவத்துக்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, உடனே பெரியவர் என்ன செய்தார். பத்துச் சம்பவம் சேர்ந்ததும் பாருங்கள். ‘ஆங்கிலம், வரிசையாக வாசிக்கச் சொன்னது, பக்கத்துப் பையன் தலையில் தட்டினான், வெளியே நிறுத்தப்பட்டான்’ என்று ஆறு தடவை வந்தால் அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை. வெளியே நிறுத்தும்போது அவன் கேட்டதையே கொடுக்கிறோம். இரண்டாம் வகுப்புப் பாடத்தை எடுத்துத் தனியாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குக் கோப மேலாண்மைப் பாடம் எடுப்பது வீண். வாசிப்பு வேண்டும், அதுவரை வகுப்பில் வரிசை வாசிப்பிலிருந்து விலக்கு வேண்டும். முதல் நாளே அவனுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, வீட்டில் பழகி வந்து அதை மட்டும் வாசிக்கலாம் என்று சொல்லலாம்.

#11 சிறார்மனம்_டாக்டர்

இந்தப் பேச்சில் இன்னும் வராத ஓரிடம், பிள்ளை வெடிக்கும் அந்த ஐந்து நிமிடம். திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இங்கேதான் ஒரு நொடியில் கெடுகிறது.

கோபம் படிப்படியாக ஏறுவது. அமைதி, உறுத்தல், பதற்றம், ஏற்றம், உச்சம், இறக்கம், தெளிவு. ஆசிரியர் கையில் இருப்பது உறுத்தலும் பதற்றமும் மட்டும். அப்போது தெரியும் அடையாளங்களைக் கற்றுக்கொள்ள வேண்டும்: மேசையில் தலை கவிழ்வது, காலை ஆட்டுவது, பேனா மூடியைக் கடித்துத் துப்புவது, பதில் சொல்லாமல் வேறு பக்கம் பார்ப்பது.

ஒரு சூழல். பையன் தலை கவிழ்ந்திருக்கிறான், நோட்டு இல்லை. வகுப்பின் முன்னிருந்து “ஏய், எழுந்திரு, நோட்டு எங்க?” என்றால் 40 பேர் திரும்பிப் பார்ப்பார்கள். 13 வயதில் அந்த 40 பேர் முன்னால் பணிந்துபோவதைவிட அடி வாங்குவது மேல் என்று தோன்றும். அவன் முறைப்பான், நீங்கள் ஒரு படி ஏறுவீர்கள், அவனும் ஏறுவான். அதற்குப் பதில், மற்றவர்களுக்கு வேலை கொடுத்துவிட்டு அவன் பக்கவாட்டில் போய், அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, தாழ்ந்த குரலில்: “நோட்டு இல்லேன்னாலும் பரவாயில்ல. இந்தத் தாள்ல முதல் ரெண்டு கணக்கு மட்டும் போடு. இங்கயே உட்கார்ந்து போடறியா, ஓரத்துல போய் போடறியா? நான் மூணு பெஞ்சு பார்த்துட்டு வர்றேன்.” சொன்னதும் நகர்ந்துவிட வேண்டும். இது மிக முக்கியம். நின்றுகொண்டே இருந்தால் அவன் செய்ய மாட்டான். நீங்கள் போனபின், யாருக்கும் பணிந்ததாகத் தெரியாமல், தாளை இழுத்துக்கொள்வான்.

உச்சத்தில் எதுவும் கற்பிக்க முடியாது. அப்போது மூச்சை இழுத்துவிடச் சொல்வது, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பது, மன்னிப்புக் கேட்க வைப்பது எல்லாமே எண்ணெய் ஊற்றுவதுதான். மற்றவர்களை விலக்குங்கள், குறைவாகப் பேசுங்கள், தொடாதீர்கள். உடல் இறங்கக் குறைந்தது 20 நிமிடமாவது விடுங்கள். விசாரணை அதற்குப் பிறகு.

மூச்சுப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அமைதியான நேரத்தில் பழகிவைக்க வேண்டிய ஒன்று. 4 எண்ணிக்கைக்கு உள்ளே, 6 எண்ணிக்கைக்கு வெளியே, இரண்டு நிமிடத்தில் 12 மூச்சு. டெஸ்ட் தாள் கொடுக்கும் முன், பி.டி. பீரியட் முடிந்து வந்ததும், தினமும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். வீட்டிலோ வெளியிலோ பயந்த அனுபவம் உள்ள பிள்ளைக்குக் கண் மூடுவதே பதற்றம் தரும். மேசையில் ஒரு புள்ளியைப் பார்த்தால் போதும், விரும்பாதவர் சும்மா உட்காரலாம்.

அழுத்தத்தை நாமே கூட்டாமல் இருப்பதும் திட்டத்தில் சேரும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை அதே வகுப்பில் நிறுத்திவைப்பது இல்லை என்பதால் பரீட்சைப் பயம் இல்லை என்று நினைக்காதீர்கள். பேப்பரை மதிப்பெண் வரிசையில், சத்தமாகச் சொல்லித் திருப்பிக் கொடுக்கும் அந்தப் பத்து நிமிடம் பலருக்கு வாரத்தின் மோசமான நேரம். வருகைப் பதிவேட்டு வரிசையில், கவிழ்த்துக் கொடுங்கள். பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுக்காதீர்கள். முட்டி போடவைப்பதும் பெஞ்சில் ஏற்றுவதும் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படியே தடை, உடல் தண்டனையோடு மன வதையையும் அந்தப் பிரிவு சேர்த்தே தடுக்கிறது.

#12 சாக்பீஸ்

டாக்டர், ஒன்று விட்டுப்போயிற்று. நடத்தைப் பிரச்சினை என்று பட்டியலில் வராத, சத்தமே இல்லாத பிள்ளையை எப்படிக் கண்டுகொள்வது? முழுக்கை போட்டு வரும் பெண் பிள்ளை, அடிக்கடி வயிற்றுவலி என்று போகும் பிள்ளை. ஆசிரியர் எதுவரை கேட்கலாம்?

#13 சிறார்மனம்_டாக்டர்

நல்ல கேள்வி. மாதம் ஒரு முறை ஒவ்வொரு பிரிவின் ஆசிரியர்களும் 20 நிமிடம் உட்கார்ந்து பெயர்ப் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை வாசியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டே கேள்வி: இந்த மாதம் இவரோடு யாராவது தனியாகப் பேசினோமா, போன மாதத்தைவிட எதிலாவது மாறியிருக்கிறாரா. யாருக்கும் பதில் தெரியாத பெயர்கள்தான் நீங்கள் தேடும் பிள்ளைகள். திங்கள்கிழமை விடுப்பு, மதிப்பெண் திடீர்ச் சரிவு, நெருங்கிய தோழியைவிட்டு விலகுவது, வகுப்பில் தூங்கி வழிவது, இவை மாற்றத்தின் அடையாளம். கண் பார்வையையும் காது கேட்பதையும் முதலில் சோதித்துவிடுங்கள்.

தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது, சாகலாம் போல இருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. “சில நேரம் ரொம்பக் கஷ்டமா இருந்தா சிலருக்குச் செத்துடலாம்னு தோணும். உனக்கு அப்படித் தோணுச்சா?” ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடக்கூடாது, ரகசியமாக வைக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது, அன்றைக்கே பெற்றோரும் மருத்துவரும். 14416 மனநல உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது.

பாலியல் தொல்லை என்று தெரிந்தால் விசாரிப்பது ஆசிரியர் வேலை அல்ல. பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதி, திரும்பத் திரும்பச் சொல்லவைக்காமல், போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். ஹெச்.எம்-இடம் சொல்லிவிட்டேன் என்பதோடு கடமை முடிந்துவிடாது. குழந்தைகள் உதவி எண் 1098.

#14 சாக்பீஸ்

தெளிவாகச் சொன்னீர்கள். நிர்வாகப் பக்கம் நானும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி பல பள்ளிகளில் ஹெச்.எம். அறை வாசலில் தொங்குகிறது. அங்கே யாரும் சீட்டுப் போடமாட்டார்கள். பிள்ளைகள் இயல்பாகக் கூட்டமாகக் கடக்கும், ஆனால் பெரியவர் கண்ணுக்கு நேரே இல்லாத இடமாக இருக்க வேண்டும், குடிநீர்க் குழாய்ப் பக்கம் அல்லது நூலக ஓரம். இரண்டு பேர் சேர்ந்து திறக்க வேண்டும், ஒருவராவது பெண். வாரம் ஒரே நாள், ஒரே நேரம். பெயர் இல்லாத பொதுக் குறைக்கு (கழிவறைத் தாழ்ப்பாள், பஸ்ஸில் சீண்டல்) ஒரு வாரத்துக்குள் அறிவிப்புப் பலகையில் பதில். முதல் மூன்று சீட்டுக்குப் பதில் வந்தால் நாலாவது சீட்டில் உண்மையான விஷயம் வரும். பதில் வராவிட்டால் பெட்டி காலியாகவே இருக்கும், நாமும் பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொள்வோம். கையெழுத்தை வைத்து யார் எழுதியது என்று தேடுவது, ஒரு தடவை நடந்தாலும், அந்த ஆண்டுக்கு அந்தப் பெட்டி முடிந்தது. சேஹரிலும் இதுபோல ஒரு பெட்டியும் சுவர்ப் பத்திரிகையும் இருந்தன. பெட்டியைப் பார்க்கவும் பதில் எழுதவும் ஆள் இருந்ததால்தான் அவை பயன்பட்டன.

ஆசிரியர் மாற்றல் வரும். அதனால் ஒருவர் தலையில் எல்லாம் இருக்கக்கூடாது. விதி, அட்டை மாதிரி, அணி ஆட்டக் குறிப்பு மூன்றும் சேர்ந்து 4 பக்கக் கோப்பாக வகுப்பறையிலேயே இருக்கட்டும். ஒரு நாள் பயிற்சியைவிட, முதல் மாதத்தில் ஒவ்வோர் ஆசிரியர் வகுப்பையும் இன்னொரு ஆசிரியர் இரண்டு முறை 15 நிமிடம் பார்த்து ஒரே ஒரு விஷயம் சொல்வது அதிகப் பலன் தரும்.

#15 எண்கணக்கு

மூன்றாம் கேள்வி, அளவீடு. தொடங்கும் முன் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எண்ணுங்கள். சம்பவப் பதிவு ஒரு வரி போதும்: தேதி, பீரியட், இடம், என்ன நடந்தது, பெரியவர் என்ன செய்தார். வாரக் கூட்டுத்தொகையை வேலை நாளால் வகுத்து, 100 பிள்ளைகளுக்கு எத்தனை என்று மாற்றினால் விடுமுறை வந்த வாரத்தையும் ஒப்பிடலாம். இடமும் பீரியடும் கவனமாகப் பாருங்கள். பாதிச் சம்பவம் மதிய உணவுக்குப் பிந்தைய முதல் பீரியடில் என்றால், விடை கைகழுவும் இடத்து நெரிசலில் இருக்கலாம், பிள்ளைகள் மனத்தில் இல்லை.

ஒரு எச்சரிக்கை. திட்டம் தொடங்கிய முதல் மாதம் வம்பிழுத்த புகார்கள் கூடும். நம்பிக்கை வந்து சொல்லத் தொடங்குகிறார்கள் என்பதுதான் காரணம். அதைக் கண்டு நிறுத்திவிட வேண்டாம்.

மனநிலையை அளக்க 25 கேள்விகள் கொண்ட ‘எஸ்.டி.க்யூ.’ படிவம் தமிழிலேயே கிடைக்கிறது, 11 வயதிலிருந்து பிள்ளைகளே நிரப்பலாம். அதில் 20 கேள்விகளின் கூட்டு 0 முதல் 40, எண் கூடினால் சிரமம் கூடுதல். அது சல்லடை மட்டுமே, நோய் முடிவு அல்ல. மதிப்பெண் அதிகம் வந்த பிள்ளையோடு அடுத்த வாரத்துக்குள் பேச ஆள் இல்லையென்றால் படிவமே கொடுக்காதீர்கள்.

#16 தாழ்வாரம்

எல்லாருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றி எழுதியிருக்கிறேன், தவறிருந்தால் சொல்லுங்கள். ஜூன்: இரண்டு வாரம் எண்ணுவது, பிறகு விதி, வாசல் வரவேற்பு, பேப்பர் கவிழ்த்துக் கொடுப்பது. ஜூலை: அணி ஆட்டம், எல்லாப் பிரிவிலும் ஒரே நாளில். ஆகஸ்ட்: அட்டை, 24 பேருக்கு. 12 பாடத்தில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்கிறோம்: மூச்சு, உதவி கேட்பது எப்படி, ஒரு பிரச்சினைக்குப் பல வழி யோசித்து ஒன்றைச் செய்து பார்ப்பது.

#17 வேம்படி

இரண்டு மாற்றம். அணி ஆட்டத்தை ஒரே நாளில் நான்கு பிரிவிலும் தொடங்காதீர்கள். விரும்பி முன்வரும் ஓர் ஆசிரியரின் பிரிவில் இரண்டு வாரம் ஓடட்டும், மற்ற மூவரும் போய்ப் பார்க்கட்டும். அப்புறம் மற்றதில். அட்டையையும் 24 பேருக்கு ஒரே தடவையில் கொடுக்காமல் 6 பேரில் தொடங்குங்கள், அந்த ஆறில் இரண்டு பேராவது எளிதில் ஜெயிக்கக்கூடியவர்களாக இருக்கட்டும். அட்டை என்றால் ‘மோசமான பசங்களுக்கு’ என்ற பேச்சு வராமல் இருக்க அது உதவும்.

காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரிவிஷன் பார்க்கலாம் என்று சொல்வார்கள். அந்த இரண்டு வாரம் வாசலும் மூச்சும் மட்டுமாவது நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அணி ஆட்டத்தைத் தேர்வு முடிந்து வரும் முதல் நாள் 10 நிமிடத்திலிருந்து திரும்பத் தொடங்குங்கள், விட்ட இடத்து 30 நிமிடத்திலிருந்து வேண்டாம்.